சோம்பேறின்னு சொல்றதுக்கு முன்னால: மந்தம், மடி, சோம்பல் – மூணு சொல்லின் கதை



ஆலயத்துல கோத்தோங் ரோயோங் வச்சாலும் சரி, திருவிழாவுக்கு ஆள் கூப்பிட்டாலும் சரி, ஒரு வார்த்தை கண்டிப்பா வந்து விழும். "இந்தக் காலத்துப் பசங்க சரியான சோம்பேறிங்க." சில பெரியவங்க இன்னும் ஒரு படி மேல போய், "நம்ம இனமே சோம்பேறி இனம், அதான் முன்னேறல" என்று சொல்லிவிடுகிறார்கள். முதல் வாக்கியம் வீட்டுக்கு வீடு உள்ள புலம்பல், விட்டுவிடலாம். இரண்டாவது வாக்கியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரியாமல் நாமே அதை நம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருப்பது சரியில்லை என்று பட்டதால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு வச்சுக்கிட்டு நிதானமா படிங்க.

முதலில் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். மந்தம்.

இது வடமொழி வழியாக வந்த சொல். 'மெதுவான' என்பதுதான் இதன் அடிப்படைப் பொருள். ஆலயத்துக்கு வரும் எல்லாருக்கும் தெரிந்த ஒரு மந்தர் இருக்கிறார், அவர்தான் சனீஸ்வரர். மந்தன் என்பது அவருடைய பெயர்களில் ஒன்று. சனைச்சரன் என்றாலும் மெல்ல நடப்பவன் என்றே பொருள். ஒரு ராசியைக் கடக்க அவருக்குச் சுமார் இரண்டரை ஆண்டு ஆகும். பன்னிரண்டையும் சுற்றி வர ஏறக்குறைய 29½ ஆண்டு. சந்திரன் அதே பன்னிரண்டையும் 27 நாள் சொச்சத்தில் முடித்துவிடுவார். அதற்காகச் சனி பகவானை யாராவது சோம்பேறி என்று சொன்னதுண்டா? அவர் போகிற பாதை அவ்வளவு தூரம். கதைகளில் அவருக்குக் கால் ஊனம் என்றும் சொல்வார்கள். எப்படிப் பார்த்தாலும் அவருடைய வேகக் குறைவுக்கு ஒரு காரணம் உண்டு.

நம்ம வீட்டு வைத்தியத்திலும் இந்தச் சொல் உண்டு. செரிமானம் குறைந்தால் அக்கினி மந்தம். "வயிறு மந்தமா இருக்கு" என்றால் பாட்டி ஓமத்தை எடுப்பார். கைப்பிள்ளைக்கு வருவது மாந்தம். கடையில் ஆள் இல்லை என்றால் வியாபாரம் மந்தம். வானம் மூடிக்கிடந்தாலும் மந்தாரம் போட்டிருக்கு என்போம். இத்தனை இடத்திலும் கவனியுங்கள், மந்தம் என்று சொன்ன உடனே அடுத்த கேள்வி "என்ன ஆச்சு?" என்றுதான் வரும். காரணத்தைத் தேட வைக்கிற சொல் அது.

சோம்பேறி அப்படி இல்லை. அந்தச் சொல்லைச் சொன்னதோடு விசாரணை முடிந்துவிடும், அடுத்தது தண்டனைதான். பிரித்துப் பார்த்தால் சோம்பு ஏறியவன். முடிந்தும் செய்யாதவன் என்ற குற்றச்சாட்டு அதற்குள்ளேயே இருக்கிறது. நம்ம ஊரில் "இன்னைக்கு ஒரே மலாஸா இருக்கு லா" என்று மலாய்ச் சொல்லைப் போட்டுச் சொல்கிறோமே, அதில்கூட ஒரு செல்லம் இருக்கும். சோம்பேறியில் அது கிடையாது.

சோம்பலுக்கு வள்ளுவர் பயன்படுத்திய முக்கியமான சொல் மடி. 61ஆம் அதிகாரம் மடியின்மை. மடிதல் என்றால் மடங்குதல், சாதல் என்றும் பொருள் உண்டு. சோம்பல் என்னும் மடியைக் கொண்டவனுக்கு முன்னால் அவன் பிறந்த குடி மடிந்துபோகும் என்று ஒரே குறளுக்குள் இந்தச் சொல்லை வைத்தே விளையாடுகிறார். இன்னொரு குறளில் குடியை ஒரு விளக்காகவும் மடியை அதை மறைக்கும் மாசாகவும் காட்டுகிறார். கர்ப்பகிரக விளக்கைத் துடைக்கும் தொண்டர்களுக்கு இந்த உவமையை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. காலம் தாழ்த்துவது, மறப்பது, சோம்புவது, தூங்குவது என்ற நான்கும் கெடப் போகிறவன் ஆசைப்பட்டு ஏறுகிற கப்பல் என்றும் சொல்கிறார்.

கடுமையான பேச்சுதான். ஆனால் யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள். மடியின்மை அதிகாரம் பொருட்பாலில், அரசியல் பகுதியில் இருக்கிறது. அதன் கடைசிக் குறள் நேராக மன்னனைப் பற்றியது. மடி இல்லாத மன்னவன், திருமால் தன் அடியால் அளந்த உலகம் முழுவதையும் ஒருசேர அடைவான் என்கிறார். உழவு அதிகாரத்திலும் ஒன்று வருகிறது. 'எங்ககிட்ட ஒண்ணும் இல்லை' என்று சும்மா இருப்பவரைப் பார்த்து நிலமகள் சிரிப்பாள் என்று. அங்கேயும் உழைக்க எதிரே நிலம் இருக்கிறது. ஆளும் அதிகாரமோ உழைக்க நிலமோ கையில் இருந்தும் அசையாதவனைத்தான் அவர் இடிக்கிறார். உடம்புக்கு முடியாதவனைப் பற்றிப் பேச அவர் 95ஆம் அதிகாரத்தைத் தனியாக வைத்தார், அதன் பெயர் மருந்து. நோய் என்ன, அது எதனால் வந்தது, எப்படித் தணியும் என்று ஆராய்ந்து பார்த்துச் செய் என்று அங்கே வைத்தியனுக்குச் சொல்கிறார். மடி வேறு, நோய் வேறு. இரண்டுக்கும் இடையில் 33 அதிகாரம் இருக்கிறது!

பதஞ்சலி முனிவரும் இதே பிரிவினையைச் செய்கிறார். யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில் மனதைச் சிதறடிக்கும் ஒன்பது தடைகளை வரிசையாகச் சொல்கிறார். முதலில் வருவது வியாதி. இரண்டாவது ஸ்த்யானம், அதாவது மனம் உறைந்து நகராமல் போவது. ஆலஸ்யம் என்ற சோம்பல் ஐந்தாவதாகத்தான் வருகிறது. வெளியே இருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆள் படுத்தே கிடப்பார். உள்ளே மூன்றும் மூன்று காரணம். கீதையின் 14ஆம் அத்தியாயம் தமோ குணம் ஒருவனைக் கட்டிப்போடும் கயிறுகளாகக் கவனமின்மை, சோம்பல், உறக்கம் ஆகியவற்றைச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் நோய் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், சோம்பலைப் புகழ்ச்சியாகச் சொன்ன பெரியவரும் நம்மிடம் உண்டு. தொண்டரடிப்பொடி ஆழ்வார் தம் திருமாலையில், தம் பாரம் எல்லாவற்றையும் அரங்கன்மேல் போட்டுவிட்டு இருக்கும் அடியாரைச் சோம்பர் என்றே குறிப்பிட்டு, அரங்கனுக்கு அவர்களைத்தான் பிடிக்கும் போலும் என்கிறார். வைணவ உரைமரபு இதை விளக்கும்போது வாழும் சோம்பர், தாழும் சோம்பர் என்று இரண்டு வகை சொல்லும். தானாகப் புஷ்பத் தோட்டம் வைத்துப் பெருமாளுக்கு மாலை கட்டிச் சேவை செய்தவர் எழுதியது இது என்பதை மறந்துவிடக் கூடாது. சைவத்திலும் 'சும்மா இருத்தல்' என்பது பெரிய நிலை. அருணகிரிநாதருக்கு முருகன் அருளிய உபதேசமே அதுதான். ஆக, அசையாமல் இருப்பது ஒன்றே, அதன் பொருள் ஆளுக்கு ஆள் மாறுகிறது. உள்ளே பார்க்காமல் பெயர் வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை நம் மரபிலேயே இருக்கிறது.

சரி, இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து வைத்திருந்த ஒரு மொழியில், எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'சோம்பேறி' என்று ஓர் இனத்தின் தலையில் வைக்கிற பழக்கம் நமக்கு எப்படி வந்தது? இதற்கு மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போக வேண்டும்.

அங்கே இந்த முத்திரை முதலில் விழுந்தது நம் மேல் இல்லை, மலாய்க்காரர்கள் மேல். பேராசிரியர் சையட் உசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட 'சோம்பேறி சுதேசி என்ற கட்டுக்கதை' பற்றிய ஆங்கில நூல் இதைத்தான் பிரித்துக் காட்டுகிறது. மலாய்க் குடியானவன் தன் வயலில் நட்டான், கடலில் மீன் பிடித்தான், தன் தோப்பைப் பார்த்தான். வெள்ளைக்காரனின் சுரங்கத்திலும் தோட்டத்திலும் அந்தக் கூலிக்கு, அந்த நிலைமையில் வேலை செய்ய அவன் வரவில்லை. அதனால் அவனுக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தார்கள். பிலிப்பீன்ஸ் மக்களுக்கு ஸ்பானியர் வைத்த இதே பெயரை எதிர்த்து ஹொசே ரிசால் 1890லேயே நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். மலாய்க்காரர் வராத இடத்துக்குத்தான் கப்பலில் நம் முன்னோரைக் கொண்டுவந்தார்கள். நம்மவருக்கு வைத்த முத்திரை கொஞ்சம் வேறு மாதிரி. பணிவானவன், மலிவானவன், ஆனால் சீனனைப் போல வேகம் இல்லாதவன். கூலியைக் குறைத்துக் கொடுக்க அந்தக் கடைசிப் பகுதி ரொம்ப வசதியாக இருந்தது.

அந்த வேகம் ஏன் இல்லை? துரைமார் கேட்காத இந்தக் கேள்வியை மருத்துவர்கள் கேட்டார்கள்.

மல்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901இல் கிள்ளானுக்கு வந்தார். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து அப்போது 4 வருடம்தான் ஆகியிருந்தது. வாட்சன் கிள்ளானிலும் பக்கத்துத் துறைமுகத்திலும் சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். பிறகு தோட்டம் தோட்டமாகப் போய் லயத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணினார். திரும்பத் திரும்ப மலேரியா வந்த உடம்பில் மண்ணீரல் வீங்கும். அந்த எண்ணிக்கையை வைத்து எந்தத் தோட்டம் எவ்வளவு நோய்ப்பட்டது என்று சொல்லிவிடலாம். இதில் கொடுமை என்னவென்றால், மலையோரத் தோட்டங்களில் நோய்க்கு வழி திறந்ததே காடு வெட்டியதுதான். நிழல் போய் வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில்தான் 'அனோபிலஸ் மக்குலாத்தஸ்' என்ற கொசு பெருகும். ரப்பர் நடுவதற்காக நம்மவர் கையாலேயே காடு அழிந்தது, அந்த வெட்டவெளி ஓடையிலிருந்து எழுந்த கொசு நம்மவரையே கடித்தது. காய்ச்சல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். இறங்கிய நாளில் ஆள் எழுந்து நடப்பார், ஆனால் உடம்பில் இரத்தம் இருக்காது. கசக்கும் கொயினாவைக் குடித்துவிட்டு வெட்டுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது எதிரி காலடியில் இருந்தது. கொக்கிப்புழு. கழிவறை வசதி சரியாக இல்லாத லயங்களைச் சுற்றி மனிதக் கழிவு கலந்த ஈர மண். அதில் வெறுங்காலோடு நடந்தால் கண்ணுக்கே தெரியாத புழுக்குஞ்சு தோலைத் துளைத்து ஏறும். இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலில் போய்க் கொக்கி போட்டுத் தொங்கும். ஒரு புழு குடிப்பது சொட்டிலும் சிறு சொட்டு. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் ஆள் வெளிறிப் போவார். மூச்சு வாங்கும், கால் வீங்கும், பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது. சோகை என்று தமிழில் அழகாகப் பெயர் இருக்கிறது இதற்கு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை வெள்ளைக்காரர்களுக்கும் இதே நோய் இருந்தது. அவர்களையும் சோம்பேறிகள் என்றுதான் ஏசிக்கொண்டிருந்தார்கள். 1902இல் சார்ல்ஸ் ஸ்டைல்ஸ் இந்தப் புழுவைப் பற்றிச் சொன்னபோது பத்திரிகைகள் கேலியாக வைத்த பெயர் 'சோம்பல் கிருமி'. பிறகு ராக்பெல்லர் அறநிதி அங்கே பெரிய ஒழிப்பு இயக்கமே நடத்தியது. அதே நிறுவனத்தின் ஆய்வுக் குழு சாமுவேல் டார்லிங் தலைமையில் 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தது. சோம்பல் என்று பார்த்ததில் பெரும்பகுதி இரத்தக் குறைவு என்பது அன்றைய மருத்துவத்துக்கே தெரிந்த செய்தி.

ஒரு நல்ல செய்தியும் சொல்லணும். அதே காலத்தில் சீனத் தொழிலாளரை வாட்டிய பெரிபெரி நோய் நம்மவரை அவ்வளவாகத் தொடவில்லை. தீட்டிய வெள்ளை அரிசியில்தான் வினை என்று மலாயாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. நம்மவர் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம் காப்பாற்றிய இடம் அது.

இப்போது பெரட்டுக் களத்தை நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன் ஆள் கணக்கு எடுப்பார்கள். கங்காணிக்குத் தலைக் கணக்கில் காசு. அவர் ஆள்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தார்களோ அத்தனைக்குத்தான் அவருக்கு வரும்படி. காய்ச்சலில் படுத்தவர் அவருக்கு நஷ்டம், கிராணிக்குக் கணக்கில் ஓட்டை, துரைக்குப் பால் குறைவு. இந்த மூன்று பேருக்குமே அந்த ஆளை 'நோயாளி' என்று ஒப்புக்கொண்டால் செலவு. 'சோம்பேறி' என்றால் செலவே இல்லை, ஓர் அதட்டல் போதும். ஆனால் யோசித்துப் பாருங்கள், அன்றாடக் கூலிக்காரன் அவன். வேலைக்குப் போகாத நாளுக்குக் காசு கிடையாது. பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது சுகத்துக்காக யார் லயத்தில் படுத்துக் கிடப்பார்?

மத்தியானத்தில் லயத்து வாசலில் சாய்ந்திருப்பவரைப் பார்த்து வெளியாள் சொன்னதும் அதே வார்த்தைதான். பால்மரத்தை விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் வெட்ட வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதற்காக இருட்டிலேயே எழுந்தவர், மற்றவர் மதிய உணவுக்கு எழும்போது தன் நாளில் பெரும்பகுதியை முடித்திருப்பார். பெண்கள் பாடு இதைவிட மோசம். அவர்கள் பெரட்டுக்கு முன்னாலேயே உலை வைத்தாக வேண்டும். பிள்ளை பெற்ற உடம்பில் சோகையும் சேர்ந்து ஒரு நாள் கண் அயர்ந்தால் வீட்டுக்குள்ளேயே 'மூதேவி' பட்டம் கிடைக்கும். துரை வெளியே சொன்னதை நாம் வீட்டுக்குள் சொன்னோம். சொல் பரவுவது இப்படித்தான்.

அவர்கள் பேசாமல் இருந்துவிடவும் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் தலைமையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடுவது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிப்பது என்று கோரிக்கைப் பட்டியல் நீளம். அந்தப் பட்டியலில் முறையான மருத்துவ வசதியும் ஒன்று. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். போராட்டத்தைப் படையை வைத்து அடக்கினார்கள், தொழிலாளர் உயிரும் போனது. "கள்ளுக்கடையை மூடு, வைத்தியம் கொடு" என்று உயிரைப் பணயம் வைத்துக் கேட்ட கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தக் கூட்டத்தைச் சோம்பேறி இனம் என்று நாமே சொல்லலாமா?

இதையெல்லாம் ஏன் ஆலயத் தொண்டன் ஒருத்தன் எழுதணும்னு கேக்கலாம். அந்த லயத்து மக்கள்தான் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோயிலையும் முனீஸ்வரன் மேடையையும் கட்டினார்கள். காய்ச்சல் உடம்போடு தீ மிதித்தவர்கள் அவர்கள். இன்று நாம் நிற்கிற பல ஆலயங்களின் அடிக்கல் அந்தச் 'சோம்பேறிகள்' வைத்தது.

இன்றைக்கும் கதை முழுதாக மாறவில்லை. மலேரியாவும் கொக்கிப்புழுவும் நம் வீடுகளை விட்டுப் பெரும்பாலும் போய்விட்டன. அந்த இடத்தில் நீரிழிவு உட்கார்ந்திருக்கிறது. தேசிய சுகாதார ஆய்வுகளில் மலேசிய இந்தியர்களிடம்தான் அதன் விகிதம் அதிகம் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. சர்க்கரை ஏறிய உடம்பு சோர்ந்து கிடக்கும். தைராய்டு குறைந்தாலும், இரத்தம் குறைந்தாலும் அப்படித்தான். மனச்சோர்வு வந்த பிள்ளை படுக்கையை விட்டு எழவே மாட்டான், பதஞ்சலி சொன்ன ஸ்த்யானம் மாதிரி. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வரும் தம்பி காலை அபிஷேகத்துக்கு வரவில்லை என்றால் அது ஆலஸ்யமா?

உண்மையான சோம்பல் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. பதவியை மட்டும் வாங்கிக்கொண்டு கூட்டத்துக்கு வராதவர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நடை திறக்கத் தாமதிப்பவர், 'அப்புறம் பார்க்கலாம்' என்றே வருடக்கணக்கை முடிப்பவர், இவர்களுக்குத்தான் வள்ளுவரின் 61ஆம் அதிகாரம். அதிகாரம் உள்ள இடத்தில் இருக்கும் மடிதான் குடியைக் கெடுக்கும். அதைப் பேச நமக்குத் தைரியம் வேணும். வெளிறிப் போய் மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் திட்டுவதற்குத் தைரியம் எதுவும் தேவையில்லை.

அதனால் ஆலயத் தொண்டர்களுக்கு ஒரு சின்ன விண்ணப்பம். அடுத்த முறை யாராவது வேலைக்கு வரவில்லை என்றால் முதலில் மந்தம் என்ற சொல்லை மனதில் வையுங்கள். "என்னப்பா ஆச்சு, உடம்புக்கு முடியலையா? சாப்பிட்டியா? தூங்கினியா?" என்று கேளுங்கள். ஆலயத்தில் மருத்துவ முகாம் போட்டால் அன்னதானத்துக்குக் கொடுக்கும் அதே முக்கியத்துவத்தை அதற்கும் கொடுங்கள். வந்த ஆளை வரிசையில் நிற்க வைத்து இரத்தத்தைச் சோதித்து அனுப்புங்கள். கேட்டுப் பார்த்து, காரணம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், அப்புறம் சோம்பேறி என்று தாராளமாகத் திட்டலாம். உரிமையோடு திட்டுங்க, நானும் கூட நிக்கிறேன்.

தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டி வீட்டில் இன்னும் இருந்தால், காய்ச்சல் காலத்தில் லயத்தில் என்ன நடந்தது, யார் என்ன சொல்லித் திட்டினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். கீழே கருத்துப் பகுதியிலும் பகிருங்கள். அந்த நினைவுகள் அவர்களோடு போய்விடக் கூடாது.

எல்லாருக்கும் நோயற்ற வாழ்வை அம்பாள் அருளட்டும். ஓம் சக்தி.